போதகர் வேண்டுமா, காவல்காரர் வேண்டுமா? அமெரிக்க பிரைமரியில் கிறிஸ்தவ வாக்காளர்

2007 நவம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. வாஷிங்டனில் டிவி போதகர் பேட் ராபர்ட்சன், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக ரூடி ஜூலியானிதான் வர வேண்டும் என்றார். ஜூலியானி நியூயார்க்கின் முன்னாள் மேயர். மூன்று கல்யாணம் செய்தவர். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ராபர்ட்சனோ அதே கருக்கலைப்புக்கு எதிராகப் பல வருடங்கள் டிவியில் முழங்கியவர். அன்றைக்கே அயோவா மாநிலத்தில், போட்டியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த கான்சஸ் செனட்டர் சாம் பிரவுன்பேக், இன்னொரு செனட்டரான ஜான் மெக்கெய்ன் பக்கம் சேர்ந்தார். இந்த மெக்கெய்ன் 2000ஆம் ஆண்டுப் பிரச்சாரத்தில் ராபர்ட்சனையும் இன்னொரு டிவி போதகரான ஜெரி ஃபால்வெல்லையும் பேர் சொல்லி, சகிப்பின்மையின் முகவர்கள் என்று மேடையில் தாக்கியவர்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, கறாரான வேதாகமப் பிடிப்புக்குப் பேர்போன பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் பாப் ஜோன்ஸ், மார்மன் மதத்தவரான தொழிலதிபர் மிட் ராம்னிக்கு ஆதரவு சொல்லியிருந்தார். நவம்பர் 13ஆம் தேதி, கருக்கலைப்பை எதிர்க்கும் மிகப் பெரிய அமைப்பான தேசிய வாழ்வுரிமைக் குழு, நடிகரும் முன்னாள் செனட்டருமான பிரெட் தாம்சனைத் தேர்ந்தெடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே போட்டியில் நிஜமாகவே ஒரு போதகர் நின்றுகொண்டிருந்தார். மைக் ஹக்கபீ, ஆர்கன்சாவின் முன்னாள் கவர்னர். பாப்டிஸ்ட் சபையில் அபிஷேகம் பெற்று, இரண்டு ஊர்களில் போதகராக இருந்து, மாநில பாப்டிஸ்ட் மாநாட்டுக்கே தலைவராக இருந்தவர். மேலே சொன்ன பெரியவர்களில் ஒருவர்கூட அவர் பேரைச் சொல்லவில்லை.

இதை வெறும் அரசியல் சந்தர்ப்பவாதம் என்று தள்ளிவிடலாம். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் ஒரு கிறிஸ்தவ வாக்காளர் பிரைமரியில் எதையெல்லாம் எடைபோட வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் கிடைப்பது கஷ்டம். ராபர்ட்சன் பயங்கரவாதத்தையும் யார் நீதிபதிகளை நியமிப்பார் என்பதையும் பார்த்தார். பாப் ஜோன்ஸ், மார்மன் உபதேசம் தனக்கு முற்றிலும் ஆகாது, ஆனால் நான் போதகரைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றார். வாழ்வுரிமைக் குழு ஜூலியானியைத் தோற்கடிக்க யாரால் முடியும் என்று கணக்குப் போட்டது. எல்லாரிடமும் இருந்தது ஒரே வேதாகமம். தராசுகள்தான் வேறுவேறு.

பிரைமரி என்றால் என்ன என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்மூரில் வேட்பாளர் யார் என்று கட்சித் தலைமை அறிவிக்கும், தொண்டர் போஸ்டர் ஒட்டுவார். அமெரிக்காவில் அந்த முடிவே வாக்காளர் கையில். ஜனாதிபதித் தேர்தல் நடக்கும் வருடத்தின் முதல் ஆறு மாதத்தில், மாநிலம் மாநிலமாக, ஒவ்வொரு கட்சிக்காரர்களும் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நவம்பரில் நடப்பது இரு கட்சிகளுக்கு இடையிலான போட்டி. அப்போது வெள்ளை இன எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் (வேதாகமத்தையும் மனமாற்ற அனுபவத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட்கள்) ஏறக்குறைய நான்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ குடியரசுக் கட்சிக்குப் போட்டுவிடுவார்கள், கறுப்பினச் சபைகளில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு. வேட்பாளர் யாரானாலும் பெரிய மாற்றம் இருக்காது. ஆகவே நவம்பர் கணக்கை வைத்து விசுவாசம் எப்படி ஓட்டாகிறது என்று அறிய முடியாது. கட்சிச் சின்னம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும் பிரைமரியில்தான் ஆளைப் பார்த்து எடைபோட வேண்டிய கட்டாயம் வருகிறது.

அதுவும் முதல் போட்டி நடக்கும் அயோவா ஒரு தனி உலகம். சோளமும் சோயாவும் விளையும், பன்றிப் பண்ணைகள் நிறைந்த மாநிலம். 99 மாவட்டங்கள். அங்கே வாக்குச்சாவடி கிடையாது, 'காக்கஸ்' என்ற கூட்டம். ஜனவரி குளிரில் ராத்திரி 7 மணிக்குப் பள்ளிக்கூட ஜிம்மிலோ, நூலகத்திலோ, சபைக் கூடத்திலோ ஊர்க்காரர்கள் கூடுவார்கள். குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் கொடிக்கு உறுதிமொழி முடிந்ததும், ஒவ்வொரு வேட்பாளர் சார்பிலும் யாராவது எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் வாத்தியார், சபையில் கூட உட்காருபவர். அப்புறம் வெற்றுத் துண்டுச் சீட்டு ஒன்று வரும். பேரை எழுதி மடித்துப் போட வேண்டும். அங்கேயே எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

இப்படி ராத்திரி நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து உட்கார ஆர்வம் வேண்டும். அதனால் வருகிறவர்கள் எண்ணிக்கை குறைவு. 2008இல் குடியரசுக் கட்சிக் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1.2 லட்சம் பேர்தான். ஞாயிறுதோறும் கூடிப் பழகிய சபை மக்களுக்கு ஒரு வியாழக்கிழமை கூடுவது பெரிய காரியமில்லை. அந்த வருடம் வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பில் 60 சதவீதம் பேர் தங்களை எவாஞ்சலிக்கல், அதாவது மறுபடியும் பிறந்த கிறிஸ்தவர்கள் என்று சொன்னார்கள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் ஹக்கபீக்காக வீடு வீடாகப் போன் செய்தன. தலைவர்கள் சொன்ன ஜூலியானி, ராம்னி, தாம்சன், மெக்கெய்ன் யாரும் எடுபடவில்லை. ஹக்கபீ 34 சதவீதம், ராம்னி 25. எவாஞ்சலிக்கல்களை மட்டும் எடுத்தால் ஹக்கபீக்கு 46, ராம்னிக்கு 19. மற்றவர்களிடம் ஹக்கபீ வாங்கியதோ 14 சதவீதம்தான்.

இந்தக் கடைசி எண்ணில்தான் ஹக்கபீயின் தோல்வி இருந்தது. நம் ஆள் என்ற உணர்வு உள்ளே இருப்பவர்களை இழுக்கும் அளவுக்கு வெளியே இருப்பவர்களைத் தள்ளும். அயோவாவை அடுத்து வரும் நியூ ஹாம்ப்ஷயரில் எவாஞ்சலிக்கல்கள் குறைவு. அதற்கும் அடுத்துத் தெற்கு கரோலினாவில் நிறைய. அங்கே மெக்கெய்ன் 33, ஹக்கபீ 30. நடுவில் தாம்சன் 16 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போனார், அதில் சபை மக்களின் ஓட்டு கணிசம். 'குடும்பத்தில் கவனம்' அமைப்பின் ஜேம்ஸ் டாப்சன், கிறிஸ்தவக் குடும்பங்கள் கேட்கும் வானொலிக் குரல், கடைசியில் ஹக்கபீக்கு ஆதரவு சொன்னபோது பிப்ரவரி 7 ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் ராம்னியும் போட்டியிலிருந்து விலகினார். அதற்குள் மெக்கெய்ன் எட்டாத தூரம் போய்விட்டார்.

ஹக்கபீயை ஆதரிக்கத் தலைவர்கள் ஏன் அவ்வளவு நாள் தயங்கினார்கள்? ஒரு காரணம், ஜெயிக்க மாட்டார் என்ற நினைப்பு. இன்னொன்று, கவர்னராக இருந்தபோது வரியை ஏற்றியவர் என்று கட்சியின் பணக்கார வட்டாரம் அவரை விரட்டியது. நான் பார்த்தவரை இரண்டாவது காரணத்துக்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை. அதற்குள் கிறிஸ்தவ அரசியல் தலைவர்கள் கட்சியின் பொருளாதார அணியோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார்கள். ஏழைகளைப் பற்றிப் பேசும் ஒரு போதகரைவிட, வரியைக் குறைக்கும் தொழிலதிபர் அவர்களுக்குப் பழகிய முகமாக இருந்தார்.

ராம்னியின் சிக்கல் வேறு மாதிரி. ஒரே மனைவி, ஐந்து பிள்ளைகள், மதுவோ புகையோ தொடாதவர். நடத்தையை மட்டும் பார்த்தால் போட்டியில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மார்மன்கள் திரித்துவத்தை மற்றச் சபைகள் ஏற்கும் விதத்தில் ஏற்பதில்லை. வேதாகமத்தோடு மார்மன் நூலையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். பல எவாஞ்சலிக்கல் சபைகளில் அது கள்ள உபதேசம் என்றே போதிக்கப்பட்டிருந்தது. மார்மன் ஒருவர் வெள்ளை மாளிகைக்குப் போனால் அந்தச் சபைக்கு உலகம் முழுக்க மரியாதை கூடிவிடாதா, நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி சபை மக்களிடம் உண்மையாகவே இருந்தது. ஹக்கபீ ஒரு பேட்டியில், இயேசுவும் சாத்தானும் அண்ணன் தம்பி என்றுதானே மார்மன்கள் நம்புகிறார்கள் என்று அப்பாவி போலக் கேட்டுவைத்தார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார். கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2007 டிசம்பர் 6ஆம் தேதி டெக்சாஸில் தன் விசுவாசத்தைப் பற்றி ராம்னி ஒரு பெரிய உரை ஆற்றினார். எல்லாரும் அதை 1960இல் அதே மாநிலத்தின் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் ஜான் கென்னடி பேசியதோடு ஒப்பிட்டார்கள். ஒப்பீடு பாதிதான் பொருந்தும். தான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சி வேட்பாளர், தற்செயலாகக் கத்தோலிக்கரும்கூட என்று கென்னடி சொல்லிவிட முடிந்தது. என் மதத்துக்கும் என் பதவிக்கும் சம்பந்தமில்லை என்பதே அவர் வாதம். ராம்னியால் அப்படிச் சொல்ல முடியாது. ஏனென்றால், அவர் ஓட்டுக் கேட்ட மக்கள் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள். மதம் முக்கியம், ஆனால் என் மதத்தைப் பார்க்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. இயேசு கிறிஸ்து தேவனுடைய குமாரன், மனிதகுல இரட்சகர் என்று அறிக்கையிட்டார். அதற்கு மேல் உபதேச விவரத்துக்குள் போகவில்லை.

அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனை வைக்கக் கூடாது என்கிறது. அது அரசைக் கட்டுப்படுத்தும். துண்டுச் சீட்டில் பேர் எழுதுகிறவரை யார் கட்டுப்படுத்த முடியும்?

நம் ஆள் என்ற கணக்கு எப்போதிலிருந்து ஆரம்பித்தது என்று பார்த்தால் 1976க்குப் போக வேண்டும். ஜிம்மி கார்ட்டர், ஜார்ஜியா மாநிலத்துக் கடலை விவசாயி, ஞாயிறு பள்ளி ஆசிரியர், நான் மறுபடியும் பிறந்தவன் என்று தயக்கமில்லாமல் சாட்சி சொன்னவர். பெருநகரப் பத்திரிகையாளர்களுக்கு அந்தச் சொல்லே புதிது. அதுவரை அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்த ஏராளமான தெற்கத்தி பாப்டிஸ்ட்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். நான்கே வருடம். 1980இல் அதே மக்கள் ரொனால்ட் ரீகனிடம் போனார்கள். ரீகன் ஹாலிவுட் நடிகர், விவாகரத்து ஆனவர், சபைக்கு ஒழுங்காகப் போகாதவர். கலிபோர்னியா கவர்னராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அந்த ஆகஸ்டில் டல்லஸ் நகரில் கூடிய ஆயிரக்கணக்கான போதகர்களிடம் அவர் சொன்னது: நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன்.

அந்த வாக்கியத்தின் முதல் பாதியில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வரி விலக்குப் பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற ஜான்சன் திருத்தம். அதனால்தான் போதகர்கள் தனிப்பட்ட முறையில் என்று சொல்லிக்கொண்டு ஆதரவு தருவார்கள், மேடையில் பேரைச் சொல்லாமல் குறிப்புக் காட்டுவார்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். ரீகன் தன்னைச் சபையின் பிள்ளையாகக் காட்டவில்லை. சபையின் பக்கம் நிற்கும் வெளியாளாகக் காட்டினார். போதகர் தேவையில்லை, வாசலில் நிற்கக் காவல்காரர் போதும் என்ற எண்ணத்துக்கு விதை அங்கே விழுந்தது என்பது என் கணிப்பு. 2016இல் எல்லாரும் திகைத்துப் பார்த்த மரம், அப்போதே நட்டது.

இடையில் போதகர்களே நின்று பார்த்தார்கள். 1988இல் பேட் ராபர்ட்சன் அயோவாவில் இரண்டாம் இடம் பிடித்து, பதவியில் இருந்த துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். அந்த வருடம் ஜனாதிபதி ஆனது புஷ்.

2012 இன்னும் சுவாரசியம், அதைப் பலர் மறந்துவிட்டார்கள். அயோவாவில் ஜெயித்தவர் முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரம். முதலில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்து, இரண்டு வாரம் கழித்துச் சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னால் என்று திருத்தினார்கள். சான்டோரம் கத்தோலிக்கர். ஏழு பிள்ளைகளின் அப்பா. ஒரு காலத்தில் போப்பாண்டவரை அந்திக்கிறிஸ்து என்று பிரசங்கித்த சபைகளின் வாரிசுகள், எங்கள் ஆள் என்று ஒரு கத்தோலிக்கரைத் தூக்கிக்கொண்டார்கள் என்றால் கருக்கலைப்பு எதிர்ப்பு அந்த மதிலை எந்த அளவுக்கு இடித்திருக்கிறது என்று பாருங்கள். ஜனவரி நடுவில் டெக்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் சுமார் 150 எவாஞ்சலிக்கல் தலைவர்கள் கூடினார்கள். இந்த முறை ஓட்டுப் பிரியக் கூடாது என்று மூன்று சுற்று வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மையோடு சான்டோரத்தை முன்னிறுத்தினார்கள்.

ஒரே வாரம். தெற்கு கரோலினாவில் நாடாளுமன்றக் கீழவையின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் 40 சதவீதத்தோடு ஜெயித்தார், சான்டோரம் 17. எவாஞ்சலிக்கல் ஓட்டிலும் கிங்ரிச்தான் முதல். அவருக்கும் மூன்று கல்யாணம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்புதான் அவருடைய இரண்டாவது மனைவி டிவி பேட்டியில் பழைய கதைகளைச் சொன்னார். அன்று ராத்திரி விவாத மேடையில் அதைப் பற்றிக் கேட்ட சிஎன்என் தொகுப்பாளரை கிங்ரிச் ஒரு பிடி பிடித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பைபிள் வளையம் என்று சொல்லப்படும் தெற்கில் நடந்தது இது. ஊடகத்தோடு சண்டை போடுகிறவர் நமக்காகச் சண்டை போடுகிறார் என்ற உணர்வு, ஒழுக்கக் கேள்வியை ஓரம் தள்ளியது. டிரம்புக்கு நான்கு வருடம் முன்பு.

இனி 2016. இங்கே ஒரு ஊரைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அயோவாவின் வடமேற்கு மூலையில் சூ மாவட்டம். டச்சு நாட்டிலிருந்து குடியேறியவர்களின் வாரிசுகள் வாழும் இடம். மாநிலத்திலேயே அழுத்தமான கிறிஸ்தவப் பகுதிகளில் ஒன்று. சூ சென்டர் என்ற சின்ன ஊரில் டோர்ட் என்ற சீர்திருத்தச் சபைக் கல்லூரி. 2016 ஜனவரி 23ஆம் தேதி டிரம்ப் அங்கே பேசினார். நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ நடுவில் நின்று யாரையாவது சுட்டாலும் எனக்கு ஒரு ஓட்டுக்கூடக் குறையாது என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். அந்த வரி உலகம் சுற்றியது. அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். கிறிஸ்தவத்துக்குப் பலம் கிடைக்கும், நான் அங்கே இருந்தால் உங்களுக்கு நிறையப் பலம் இருக்கும், வேறு யாரும் தேவையில்லை என்று. அரங்கில் இருந்தவர்களுக்கு இரண்டில் எது முக்கியமாகப் பட்டது என்பதை அடுத்த பத்து மாதம் காட்டியது.

ஒன்பது நாள் கழித்து நடந்த காக்கஸில் சூ மாவட்டம் டிரம்புக்குக் கொடுத்தது 11 சதவீதம்தான். அங்கே ஜெயித்தவர் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ். அப்பா போதகர், அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் போய் வந்தவர், பிரச்சாரத்தையே ஃபால்வெல் தொடங்கிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தவர். அதே ஃபால்வெல்லின் மகன், அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர், காக்கஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிரம்பை ஆதரித்தார் என்பது வேறு கதை. மாநிலம் முழுக்கவும் குரூஸ்தான் முதல், 27.6 சதவீதம், டிரம்ப் 24.3. அப்புறம் நவம்பர் வந்தது. சூ மாவட்டத்தில் டிரம்புக்கு விழுந்தது 81 சதவீதம்.

இதைப் பார்த்துவிட்டு, வேஷம் கலைந்தது என்று எழுதியவர்கள் நிறைய. நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். 11 பேர் தேர்ந்தெடுத்ததும் 81 பேர் ஏற்றுக்கொண்டதும் இரண்டு வேறு செயல்கள். பிரைமரியில் அவர்களுக்குக் குரூஸ் இருந்தார், மார்கோ ரூபியோ இருந்தார், பென் கார்சன் இருந்தார். நவம்பரில் எதிரே ஹிலரி கிளின்டன் மட்டும். பிப்ரவரியில் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மே மாதம் டிரம்ப், யாரையெல்லாம் நியமிப்பேன் என்று 11 நீதிபதிகளின் பேரைப் பட்டியலிட்டே வெளியிட்டார். அதுவரை எந்த வேட்பாளரும் அப்படிச் செய்ததில்லை. ஆளை நம்பாதவர்களுக்கு ஒரு எழுத்துப் பத்திரம் கிடைத்தது.

ஆனாலும் பிரைமரியிலேயே டிரம்பைத் தேர்ந்தெடுத்த கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்களை மறைத்துப் பேச முடியாது. தெற்கு கரோலினாவில் எவாஞ்சலிக்கல்களில் மூன்றில் ஒருவர் அவருக்குப் போட்டார், குரூஸைவிட அதிகம். அந்தப் பருவத்து ஆய்வுகளில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. வாரம் தவறாமல் சபைக்குப் போகிறவர்களிடம் டிரம்ப் பலவீனம், எப்போதாவது போகிறவர்களிடம் பலம். அதாவது எவாஞ்சலிக்கல் என்ற பேர் சிலருக்கு விசுவாசத்தின் பேர், சிலருக்கு ஒரு குலத்தின் பேர்.

ஒழுக்கம் பற்றிய கணக்கும் மாறிப்போனது. 1998இல், பில் கிளின்டன் விவகாரம் நாறிக்கொண்டிருந்த சமயம், தெற்கத்தி பாப்டிஸ்ட் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. தலைவர்களின் பெரிய பாவங்களைச் சகித்துக்கொள்வது ஒரு சமூகத்தின் மனசாட்சியையே மரத்துப்போகச் செய்யும் என்று அதில் எழுதினார்கள். 2011இல் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா? வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் முடியும் என்றவர்கள் 30 சதவீதம். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்து வருடத்தில் உபதேசம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். அப்புறம் ஏசாயா 45ஆம் அதிகாரம் கைகொடுத்தது. கர்த்தரை அறியாத பாரசீக ராஜா கோரேசை, தம் ஜனத்தை விடுவிக்கத் தேவன் பயன்படுத்திய பகுதி அது. டிரம்ப் 45ஆவது ஜனாதிபதி என்ற பொருத்தம் வேறு கிடைத்தது. வேதத்தை முதலில் படித்துவிட்டு ஆளைத் தேடினார்களா, ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேதத்தைத் தேடினார்களா என்று கேட்டால் என் பதில் இரண்டாவதுதான்.

2024 ஜனவரியில் அயோவா காக்கஸ் வரலாற்றிலேயே கடுமையான குளிர். 2008இல் ஹக்கபீ, 2012இல் சான்டோரம், 2016இல் குரூஸ் என்று மூன்று முறையும் ஜெயித்தவரைச் சரியாக ஆதரித்த மாநிலத்தின் எவாஞ்சலிக்கல் தலைவர் பாப் வாண்டர் பிளாட்ஸ், இந்த முறை புளோரிடா கவர்னராக இருந்த ரான் டிசான்டிஸைக் கைகாட்டினார். அயோவா கவர்னரும் அதே பக்கம். டிரம்ப் 51 சதவீதம் வாங்கினார். எவாஞ்சலிக்கல்களிடம் 53. 99 மாவட்டங்களில் 98 அவருக்கு, சூ மாவட்டமும் சேர்த்து. டிசான்டிஸ் 21. இந்தத் தடவை குரூஸைப் போன்றவர்கள் இல்லாமல் இல்லை. கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை 2022இல் ரத்து செய்த நீதிபதிகளில் மூன்று பேரை நியமித்தவர் எதிரே நின்றார், அவ்வளவுதான்.

அதே காக்கஸில் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு பேரும் இருந்தது. விவேக் ராமசாமி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சின்சினாட்டியில் ஜெசூட் பள்ளியில் படித்த இந்து. 2023 டிசம்பரில் சிஎன்என் நடத்திய கூட்டத்தில் ஒரு வாக்காளர் நேரடியாகவே கேட்டார். நம் முன்னோர் நாட்டை நிறுவிய மதம் உங்கள் மதம் இல்லை, அதனால் நீங்கள் ஜனாதிபதியாக முடியாது என்கிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? நான் இந்து, ஓட்டுக்காக அடையாளத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று தொடங்கி, பத்துக் கட்டளைகளுக்கும் தன் வீட்டில் கற்றதுக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைப் பரப்ப நான் பொருத்தமானவன் இல்லை, ஆனால் அது ஜனாதிபதியின் வேலையும் இல்லை என்றார். ராம்னியைவிட நேரான பதில். காக்கஸில் 7.7 சதவீதம் கிடைத்தது, நான்காம் இடம். அன்று ராத்திரியே விலகி டிரம்பை ஆதரித்தார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான நிக்கி ஹேலி மூன்றாம் இடம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் கதை. கத்தோலிக்கர்களுக்கு இதே கேள்வியை எடைபோட எழுதப்பட்ட வழிமுறை ஒன்று உண்டு. அமெரிக்க ஆயர்கள் 2007இல் வெளியிட்டு, தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கும் ஆவணம் அது. கருக்கலைப்பு, இனவெறி போன்ற தீமையை ஆதரிக்கும் வேட்பாளருக்கு, அந்தத் தீமைக்காகவே ஓட்டுப் போடுவது பாவம். ஆனால் அதே அளவு கனமான வேறு நல்ல காரணம் இருந்தால் போடலாம். எது போதுமான கனம் என்பதை மனசாட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். சண்டை எல்லாம் அந்த இடத்தில்தான். 2019 அக்டோபரில், தெற்கு கரோலினாவின் ஃப்ளோரன்ஸ் ஊரில் ஞாயிறு பூசைக்குப் போன ஜோ பைடனுக்கு, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிறார் என்பதற்காகப் பங்குத்தந்தை நற்கருணை தர மறுத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து அதே மாநிலம்தான் பைடனைக் காப்பாற்றியது. காப்பாற்றியவர்களும் கிறிஸ்தவர்கள்தான், கறுப்பினச் சபைகளின் மக்கள்.

தெற்கு கரோலினா ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பாதிக்கு மேல் கறுப்பின வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோர், குறிப்பாகப் பெரியவர்கள், சபையை விட்டு விலகாதவர்கள். கருக்கலைப்பு விஷயத்தில் பலர் தனிப்பட்ட முறையில் பழமையான எண்ணம் உள்ளவர்கள்தான். ஆனால் ஓட்டுரிமைக்காக அடிபட்ட தலைமுறை அது, சபைக் கட்டடத்திலேயே குண்டு வெடித்ததைப் பார்த்த தலைமுறை. அவர்களுக்கு யார் ஜெயிப்பார் என்பது தத்துவத்துக்குக் கீழான, கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை. தோற்றால் அடி யார்மேல் விழும் என்று தெரிந்தவர்களுக்கு அதுவே தர்மக் கேள்வி.

2020 பிப்ரவரியில் பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். கிட்டத்தட்ட முடிந்த கதை. தெற்கு கரோலினாவின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன், ஒரு போதகரின் மகன், யாரை ஆதரிக்கிறார் என்று இன்னும் வெளியில் சொல்லவில்லை. தன் பழைய கணக்காளரின் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். ஒன்று கேட்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்லப் பிடிக்காவிட்டால் காதில் சொல்லுங்கள், யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்றார். கிளைபர்ன் குனிந்து பைடன் பேரைச் சொன்னார். அந்த அம்மா, எனக்கு இதைக் கேட்க வேண்டியிருந்தது, இந்த ஜனங்களும் உங்களிடமிருந்து இதைக் கேட்க வேண்டும் என்றார். இதைக் கிளைபர்னே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 26ஆம் தேதி மேடையேறி, எங்களுக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு எங்களைத் தெரியும் என்றார். டெக்சாஸ் பண்ணை வீட்டில் 150 பேர் கூடி மூன்று சுற்று ஓட்டெடுத்து எடுத்த முடிவு ஒரு வாரம் தாங்கவில்லை, வாண்டர் பிளாட்ஸ் சொன்னது 2024இல் எடுபடவில்லை. கிளைபர்ன் சொன்னது எடுபட்டதற்குக் காரணம், கேட்டவர்கள் ஏற்கெனவே அந்த முடிவுக்குப் பக்கத்தில் வந்து, தைரியத்துக்கு ஒரு வார்த்தை எதிர்பார்த்துக் காத்திருந்ததுதான். மூன்று நாளில் நடந்த பிரைமரியில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல். கறுப்பின வாக்காளர்களிடம் 60ஐத் தாண்டியது. அதற்கு மூன்றாம் நாள் 14 மாநிலங்களில் ஓட்டுப்பதிவு, 10இல் அவர் ஜெயித்தார்.